பொட்டு வைக்கும் இடம்

உத்தமபாளையத்தில் தங்கப்பாண்டியன் உரக்கடையில் ஒரு பாட்டில் பூச்சி மருந்து வாங்கினால், பாட்டிலோடு ரீட்டாவின் கையெழுத்தும் சேர்ந்து வரும். கம்பெனிக்காரன் பாட்டிலைச் சுற்றி ஒட்டியிருக்கிற காகிதத்தில் பதினோரு மொழியில் எறும்பு ஊர்ந்த மாதிரி என்னென்னவோ எழுதியிருப்பான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பூதம்தான் தெரியும், எழுத்து தெரியாது. ரீட்டா அதன் மேலேயே கறுப்பு மார்க்கரால் எழுதிவிடுவாள்: 'ஒரு டேங்குக்கு ரெண்டு மூடி. காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதே. அடித்த கையோடு பீடி பற்ற வைக்காதே.' முடிந்தது. இந்தப் பக்கத்தில் பாதித் திராட்சைத் தோட்டம் அந்த மார்க்கரால் பிழைத்துக் கிடக்கிறது. பட்டுப்போன மீதியெல்லாம், படிக்காமல் பீடி பற்ற வைத்தவர்களுடையது.

ரீட்டாவுக்கு ஊர் ராயப்பன்பட்டி. வயது முப்பத்தெட்டு. படிப்பு பத்தாவது. புருஷன் இமானுவேல், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாக ஜீப் ஓட்டுகிறவன். அவன் வீட்டில் இருக்கிற நேரத்தைவிடக் கொண்டை ஊசி வளைவில் இருக்கிற நேரம் அதிகம். ஆனாலும் பாருங்கள், ரேஷன் கார்டில் பெயர் இமானுவேல். சர்ச் கல்வெட்டில் உபயம் இமானுவேல். ரீட்டா சீட்டுப் போட்டு எடுத்த கிரைண்டருக்கு வாரண்டி கார்டில்கூட இமானுவேல்தான். அவன் வாழ்நாளில் அதில் ஒரு உளுந்து போட்டதில்லை. ரீட்டா என்ற பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில். அதுவும் பொண்ணு பெயர் இல்லாமல் பத்திரிகை அடிக்க முடியாது என்பதால்.

இப்படிப்பட்ட ரீட்டாவிடம் ஒரு நாள் ஆனைமலையன்பட்டி ஈஸ்வரபாண்டி ஒரு வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மூன்று ஏக்கர் பன்னீர்த் திராட்சைக்குச் சொந்தக்காரர். எதைக் கொடுத்தாலும் ரீட்டா எழுதித் தராமல் தொடமாட்டார். வீட்டில் ரசப்பொடிப் பாக்கெட்டைக்கூடத் தொடமாட்டார் என்று பேச்சு.

"ஏத்தா ரீட்டா, இதுல எத்தன மூடின்னு எழுதிக்குடு."

"பெரியப்பா, இது மருந்து இல்ல. மெசினு."

"மெசினுன்னா மட்டும் அளவு இல்லாமப் போயிருமா? எம் மருமகன் பெங்களூர்ல இருந்து அனுப்பியிருக்கான். தானா தண்ணி பாச்சுமாம். மழை பேஞ்சா தானா நிப்பாட்டிருமாம். கூடவே போன்ல ஒரு பொஸ்தகம் வந்திருக்கு. இங்கிலீசு. நூத்தி நாப்பது பக்கம்."

"படிச்சீகளா?"

"படத்தப் பூராம் பாத்துட்டேன். மொத்தமே மூணு படந்தான். மூணுலயும் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டே நிக்கிறான். தண்ணிக்குக் காத்துக் கெடக்குறவன் எவனாச்சும் சிரிப்பானா? அதுலயே தெரியுது, இவன் நம்மாளு இல்லேன்னு."

அந்த டப்பாவுக்குள் ஓடுகிற மென்பொருளுக்கு டிரிப்பியோ என்று பெயர். யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். இலவசம். உலகத்தில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து சும்மா எழுதிக் கொடுக்கிறார்கள். ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். நம் ஊர்த் திருவிழா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்பரம் தூக்க நானூறு பேர் வருவான், தோளே இல்லாதவனும் வருவான். ஆனால் அன்னதானம் முடிந்து எச்சில் இலை எடுக்க ஆளைத் தேடிப் பாருங்கள். ஊரே காலியாக இருக்கும். மென்பொருளில் அந்த எச்சில் இலை எடுக்கிற வேலைக்குப் பெயர்தான் டாக்குமென்டேஷன். செய்த பொருளை எப்படி மாட்டுவது, எப்படி ஓட்டுவது, கெட்டுப்போனால் என்ன பண்ணுவது என்று உட்கார்ந்து எழுதுவது. அறிவாளிகள் அத்தனை பேரும் சப்பரம் தூக்கப் போய்விட்டதால், எழுதியவன் ஏனோதானோ என்று எழுதிவைத்திருந்தான். புத்தகத்தின் முதல் வரியே, 'தடையில்லாத மின்சாரம் இருப்பதை உறுதி செய்துகொள்ளவும்.' அதை உறுதி செய்கிற ஆள் நம் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை.

ரீட்டா பத்தொன்பது நாள் அந்த டப்பாவோடு குடும்பம் நடத்தினாள். அண்ணன் இன்னாசிக்கும் ராயப்பன்பட்டியில் தோட்டம் உண்டு. அங்கேயும் இன்னொரு டப்பாவை வரவழைத்து மாட்டி, கழற்றி, ஒயரைக் கடித்து, தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயப்போட்டு, அது என்ன செய்தால் என்ன செய்யும் என்று பார்த்தாள். டப்பாவின் நெற்றியில், நடு மத்தியில், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். மழைத்துளி அதில் விழுந்தால் டப்பாவுக்குத் தெரிந்துவிடும். டப்பா மாட்டிய அன்று இன்னாசி கூப்பிட்டுச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். உடனே நீல லைட் எரிந்து இரண்டு நிமிஷம் மழை என்று சொல்லிவிட்டு, காய்ந்ததும் பழையபடி பச்சைக்குப் போனது. எல்லாரும் சிரித்தார்கள்.

இருபதாவது நாள் ரீட்டா ஒரே ஒரு பக்கம் எழுதினாள்.

'பச்சை லைட் எரிந்தால் தண்ணீர் போகிறது. நீல லைட் எரிந்தால் மழை பெய்கிறது, டப்பா தண்ணீரை நிறுத்திவிடும். நீங்கள் சும்மா இருங்கள். சிவப்பு லைட் எரிந்தால் கரண்ட் போய்விட்டது. அப்போதும் சும்மா இருங்கள். டப்பா மாட்டிய பிறகு கேட் வால்வைக் கையால் தொடாதீர்கள். தொட்டால் டப்பா ஒரு கணக்குப் போடும், நீங்கள் ஒரு கணக்குப் போடுவீர்கள், நடுவில் செடி செத்துப்போகும்.'

அந்தப் பக்கம் கைக்குக் கை போனது. ஆறு மாதத்தில் பத்தொன்பது தோட்டத்தில் வெள்ளை டப்பா நின்றது. இதை அந்த டிரிப்பியோ ஆட்களுக்கே அனுப்பினால் என்ன என்று ரீட்டாவுக்குத் தோன்றியது. எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை. அப்போதுதான் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஓப்பன் சோர்ஸ் பயிற்சி முகாம் என்று நோட்டீஸ் வந்தது. நடத்தியவன் சுரேஷ்கண்ணன். இன்ஜினியர். ஒரே மாதிரி எழுத்துப் போட்ட டீசர்ட் பதினான்கு வைத்திருக்கிறவன்.

"அக்கா, நீங்க ஃபார்மரா?"

"உரக்கடையில வேல பாக்குறேன் தம்பி."

"ஓகே, ஓகே. நான்-டெக்னிக்கல். கடைசி வரிசையில உக்காருங்க. ஈசிதான்க்கா. ஏதாவது ஒரு புராஜெக்டோட டாக்குமென்ட்ட எடுங்க. ஒரு கமா இல்லாத எடம் பாருங்க. கமா போடுங்க. அனுப்புங்க. ஏத்துக்கிட்டாங்கன்னா நீங்க கான்ட்ரிப்யூட்டர். டீசர்ட் வீடு தேடி வரும்."

"நான் ஒரு முழுப் பக்கமே எழுதியிருக்கேன் தம்பி."

"முழுப் பக்கமா?" சுரேஷ்கண்ணன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "அதுக்கும் ஒரு டீசர்ட்டுதான்க்கா. ஏன் வேஸ்ட் பண்றீங்க?"

ஆனாலும் வாங்கிப் படித்தான். படித்துவிட்டு மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தான். "சும்மா இருங்கள்! அக்கா, இது டாக்குமென்டேஷன் இல்ல, வாட்சப்ல வர்ற குட்மார்னிங். டெக்னிக்கல் ரைட்டிங்னா அதுக்குன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு." அனுப்பும் முறையைக் காட்டிக் கொடுத்தவன், அன்றைக்கே தானும் ஒரு பக்கம் தயார் செய்து அனுப்பிவிட்டான். தலைப்பு: 'தன்னியக்க நுண்ணீர்ப் பாசன மேலாண்மைக் கருவியின் நிறுவுதல் மற்றும் அளவுதிருத்தத்திற்கான வழிகாட்டு நெறிமுறைகள்.' தலைப்பைப் படித்து முடிப்பதற்குள் ஒரு குலை பழுத்துவிடும்.

இரண்டு பக்கமும் டென்மார்க்கில் உட்கார்ந்திருந்த ஹென்ரிக் என்கிறவரிடம் போய்ச் சேர்ந்தன. டிரிப்பியோவில் எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் பாய்ச்ச மென்பொருள் செய்கிறவர். நல்ல மனுஷன், தமிழ் மட்டும் தெரியாது. மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு எழுதினார்: 'இரண்டில் எது வேலை செய்கிறது என்று பயன்படுத்துபவர்கள் சொல்லட்டும்.'

ஈஸ்வரபாண்டியின் மனைவி ராக்கம்மாளிடம் முதலில் சுரேஷ்கண்ணனின் பக்கத்தைக் கொடுத்தார்கள். ஐந்தாவது படித்தவள். ஒரு வரி படித்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஏங்க, இங்கன வாங்க! நம்ம நெலத்த எடுக்கப் போறாகளாம். நோட்டீசு வந்திருக்கு!"

ரீட்டாவின் பக்கம் ஜெயித்தது. டிரிப்பியோவின் தமிழ்க் கையேடு என்று உலகத்துக்கே தெரிகிற மாதிரி ஏற்றினார்கள். கீழே, 'எழுதியவர்: ரீட்டா, ராயப்பன்பட்டி.' இமானுவேல் பெயர் எங்கேயும் இல்லை. ரீட்டா அந்தக் கடைசி வரியை மட்டும் ஒரு வாரத்தில் முன்னூறு தடவை பார்த்திருப்பாள். தங்கப்பாண்டியன் அதை அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். எங்கள் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை என்று வருகிறவன் போகிறவனையெல்லாம் நிறுத்திக் காட்டினார். வேலை ஒன்றுக்கு மூன்றாக வாங்குவதை மட்டும் காட்டவில்லை.

நாலு மாதம் நன்றாகப் போனது. ஆயுத பூஜை வந்தது, ஒரு புதன்கிழமை.

சனிக்கிழமை காலையில் ஈஸ்வரபாண்டி போன் செய்தார்.

"ஏத்தா, மூணு நாளா மழை."

ரீட்டா கடை வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். வானத்தில் ஒரு பஞ்சுகூட இல்லை. வெயில் தார் ரோட்டை வறுத்துக்கொண்டிருந்தது.

"எங்கன பெரியப்பா மழை?"

"டப்பாவுல. புதன்கிழமை சாயந்தரம் பிடிச்சு நீல லைட்டு அணையவே இல்ல."

"மேல பாத்தீகளா?"

"பாத்தேன். மண்டையப் பொளக்குது. ஆனா நீ நீல லைட்டு எரிஞ்சா மழை, சும்மா இருங்கன்னு எழுதியிருக்கேல. சும்மா இருந்தேன்."

"ஐயோ! கையால வால்வத் தெறந்து விடக் கூடாதா?"

"வால்வத் தொடாதீகன்னும் நீதான எழுதியிருக்க? நான் வானத்த நம்புறதா, ஒன்னய நம்புறதா?"

மனுஷன் ஒன்னை நம்பினேன் என்று சொல்வதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் முடியவில்லை. ரீட்டா வால்வை உடனே கையால் திறக்கச் சொன்னாள். அதற்குள் அடுத்த போன், அதற்கடுத்த போன். மதியத்துக்குள் பதினெட்டுத் தோட்டத்தில் மழை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால், பள்ளத்தாக்கு முழுவதும் கொடியிலேயே கிஸ்மிஸ் காய்த்திருக்கும். வால்வைத் திறந்ததால் செடி பிழைத்தது. ரீட்டா பிழைப்பாளா என்பதுதான் சந்தேகமாக இருந்தது.

ஏனென்றால் சாயந்தரமே சுரேஷ்கண்ணன் டிரிப்பியோ தளத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், ஒரு புகார் எழுதிவிட்டான். 'தகுதியற்ற நபர் எழுதிய கையேட்டால் பதினெட்டுப் பண்ணைகள் நீரின்றித் தவிக்கின்றன. உடனடியாக நீக்குக.' ஹென்ரிக் பதறிப்போனார். ரீட்டாவுக்கு எழுதினார்: 'அடுத்த வெள்ளிக்கிழமை முடிவதற்குள் காரணம் தெரிய வேண்டும். இல்லையென்றால் உங்கள் பக்கத்தை இறக்கிவிட வேண்டியிருக்கும். வருந்துகிறேன்.'

திங்கட்கிழமை கடைக்கு வந்த ஒரு ஆள், மருந்து பாட்டிலில் ரீட்டா எழுதிய இரண்டு மூடியைப் பார்த்துவிட்டுத் தங்கப்பாண்டியனிடம் கேட்டான்: "ரெண்டுதானா? நல்லா வெவரம் தெரிஞ்சவுக யாரும் இருந்தா ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க." அவள் கடையில் சேர்ந்த பதினோரு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெயர் இறங்கினால் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறங்காது என்று அப்போதுதான் ரீட்டாவுக்குத் தெரிந்தது.

அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஈஸ்வரபாண்டி தோட்டத்துக்குப் போனாள். டப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒயர் சரி. பேட்டரி சரி. நீல லைட் மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் எரிந்தது. போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டாள். பத்தொன்பதில் மழை பெய்யாத ஒரே தோட்டம் அண்ணன் இன்னாசியுடையது. அங்கேயும் போய் நாலு படம் எடுத்தாள். திராட்சைப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, அந்தப் படத்தையும் இந்தப் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஊரில் பொட்டு இல்லாத பொருள்தான் கண்ணில் படும். பஸ், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர், கரண்ட் மீட்டர், பல் டாக்டரின் குறடு எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. அடுத்த வருஷம் வரை அப்படியே இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதே இல்லை. புதன்கிழமை பதினெட்டு வீட்டிலும் டப்பாவைத் துடைத்து, மாலை போட்டு, சந்தனத்தைக் குழைத்து, நெற்றி எங்கே என்று தேடியிருக்கிறார்கள். நடு மத்தியில் உருண்டையாக, பளபளவென்று, பொட்டுக்கென்றே செய்த மாதிரி கண்ணாடிக் குமிழ். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். குருடாகிப்போன டப்பா, நெற்றியில் ஏதோ ஈரமாக ஒட்டுகிறதே, மழைதான் என்று முடிவு கட்டிவிட்டது. இன்னாசி வீட்டில் பொட்டு வைக்கிற வழக்கம் இல்லாததால் அவன் டப்பாவுக்கு மட்டும் கண் தெரிந்தது. அதே வீட்டில் பிறந்ததால் ரீட்டாவுக்கும் இதை எழுத வேண்டும் என்று தோன்றவில்லை.

படத்தில் அந்தப் பொட்டு ஒருவழியாகக் கண்ணில் பட்டதும், ரீட்டா ஓடிப்போய்க் கொஞ்சம் சந்தனம் வாங்கிவந்து இன்னாசியின் டப்பா நெற்றியில் அப்பினாள். பத்து எண்ணுவதற்குள் நீல லைட்.

"ஏத்தா!" என்று கத்தினான் இன்னாசி. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம என் டப்பாவ மதம் மாத்துறியே!"

படம் எடுத்து டிரிப்பியோ தளத்துக்கு அனுப்பினாள். சுரேஷ்கண்ணன் விடவில்லை. 'ஒரு டப்பாவில் செய்தது நிரூபணம் ஆகாது. பழுதான பதினெட்டில் ஒன்று சரியாகிக் காட்டட்டும்' என்று எழுதினான். ஹென்ரிக்கும் அதுதான் நியாயம் என்றார். நியாயம்தான். ஒரு ஈரத்துணி எடுத்துத் துடைத்தால் தீர்ந்தது. செவ்வாய்க்கிழமை ரீட்டா ஈரத்துணியோடு ராக்கம்மாளிடம் போனாள்.

"எதுக்குத்தா துணி?"

"பெரியம்மா, இந்தப் பொட்டாலதான் டப்பாவுக்குக் கண்ணு தெரியல. லேசாத் தொடச்சிட்டா..."

"பொட்ட அழிக்கிறதா?" ராக்கம்மாள் டப்பாவுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டாள். "நெறஞ்ச வீட்டுல பொட்ட அழிக்கச் சொல்லுறியே, ஒனக்கு நாக்குக் கூசல? எம் புருசன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு!"

குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்த ஈஸ்வரபாண்டி, "நான் இருக்கேன் இருக்கேன்" என்று உறுதி செய்தார்.

"பெரியம்மா, இது டப்பா பெரியம்மா."

"டப்பாதான். போன வருசம் லாரிக்கு வச்ச பொட்ட கிளீனர் பய தொடச்சான். என்ன ஆச்சு தெரியுமா?"

"என்ன ஆச்சு?"

"லாரி ஓடுது. ஆனா அந்தப் பயலுக்கு இன்னும் பொண்ணு அமையல."

இதற்கு எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் பதில் கிடையாது. மற்ற பதினேழு தோட்டத்துக்காரர்களும், ராக்கம்மாள் அழித்தால் நாங்களும் அழிக்கிறோம் என்று சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டார்கள். முதலில் அழிக்கிற கை தன்னுடையதாக இருக்க யாருக்கும் விருப்பமில்லை. புதன் போனது. வியாழன் வந்தது. கடையில் தங்கப்பாண்டியன் கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தின் ஒரு மூலையை மெதுவாக நகத்தால் பெயர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மொதலாளி, கிழிக்கவா?"

"இல்லத்தா... பசை காஞ்சிருச்சான்னு பாத்தேன்."

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ரீட்டா மறுபடி ஆனைமலையன்பட்டிக்குப் போனாள். இந்தத் தடவை துணி எடுத்துப் போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே ராக்கம்மாளின் சாமி மாடத்தைப் பார்த்தாள். எல்லாச் சாமிக்கும் பொட்டு பளிச்சென்று இருந்தது.

"பெரியம்மா, இதெல்லாம் எப்ப வச்ச பொட்டு?"

"போன வெள்ளிக்கிழமை."

"அதுக்கு முந்துன வாரம் வச்ச பொட்டு எங்க போச்சு?"

"எங்க போகும்? குளுப்பாட்டிட்டுத்தான புதுசு வைக்கிறது."

"அப்ப அழிக்கிறீகளா?"

"அழிப்பாகளா யாராச்சும்? குளுப்பாட்டுறது வேற, அழிக்கிறது வேற. இதுகூடத் தெரியல ஒனக்கு."

ரீட்டா மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். "பெரியம்மா, டப்பாவயும் சாமியாத்தான கும்புட்டீக. அதுக்கு மட்டும் ஏன் வெள்ளிக்கிழமை குளுப்பாட்டல?"

ராக்கம்மாளுக்குக் குற்றம் பண்ணிவிட்ட முகம் வந்துவிட்டது. "ஆமாத்தா. பாவம், மாலையோட காஞ்சுபோய் நிக்கிது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளனாவே குளுப்பாட்டிருவோம்."

"குளுப்பாட்டிட்டுப் புதுப் பொட்ட மேல மூடியில வைங்க. நெத்தி அங்கனதான் இருக்கு. கீழ இருக்குறது கண்ணு. சாமிக்குக் கண்ணுல பொட்டு வைப்பமா?"

"கண்ணா அது!" ராக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அத மொதல்லயே எழுதித் தொலைக்கக் கூடாதா நீ?"

நியாயமான கேள்வி. அந்த ஒரு வாரத்தில் ஹென்ரிக், சுரேஷ்கண்ணன் உட்பட யாரும் கேட்காத உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டப்பாவுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு இப்படியொரு குளியல் எந்தக் கம்பெனியும் கொடுத்திருக்காது. ஷாம்பு போடாததுதான் பாக்கி. பதினேழு தோட்டத்துக்காரர்களும் வரப்பில் நின்று பார்த்தார்கள். குமிழ் காயும் வரை நீல லைட் எரிந்தது. ரீட்டா போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள். நீலம் அணைந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் ரீட்டாவுக்கு நாலு முடி நரைத்தது. எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன். பிறகு பச்சை. சொட்டு நீர்க் குழாயில் புஸ் என்று காற்றுப் போய், வேரில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

"குளுப்பாட்டுனதும் சாமி எறங்கிருச்சு" என்றாள் ராக்கம்மாள். எப்படிச் சரியானது என்பதற்கு இன்றுவரை ஆனைமலையன்பட்டியில் அதுதான் விளக்கம்.

டென்மார்க்கில் பொழுது விடிய இன்னும் நேரம் இருந்தது. அவர்களுக்கு வெள்ளிக்கிழமை நம்மைவிட மூன்றரை மணி நேரம் சோம்பேறி. ரீட்டா வரப்பிலேயே உட்கார்ந்து, பக்கத்தில் புதிதாக நாலு வரி சேர்த்து, வீடியோவோடு அனுப்பினாள்.

'பொட்டு வைக்கும் இடம்: மேல் மூடியில், ஸ்விட்சுக்கு இடது பக்கம். கண்ணாடிக் குமிழ் டப்பாவின் கண். அதில் சந்தனம், குங்குமம், விபூதி எதுவும் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் அழிக்க வேண்டாம். குளிப்பாட்டிவிட்டு மேலே புதிதாக வையுங்கள்.'

சுரேஷ்கண்ணனுக்கு ரத்தம் கொதித்தது. நேராகப் போனே செய்துவிட்டான்.

"அக்கா, இன்டர்நேஷனல் டாக்குமென்ட்ல பொட்டு, குங்குமம்னு எழுதுறீங்க! நம்ம மானமே போகுது. சயின்ஸ்ல எங்கக்கா பொட்டு வருது?"

"கண்ணாடி மேல வருது தம்பி. நீங்க எழுதுனதுல எங்கன வருது?"

"அது... அளவுதிருத்தம்னு ஒரு தனிப் பகுதியே இருக்குல்ல!"

"ஒங்க வீட்டுல ஆயுத பூசைக்கு லேப்டாப்புக்குப் பொட்டு வச்சீகளா இல்லையா?"

"எங்கம்மா வச்சாக," என்றான். கோபத்தில் இங்கிலீஷ் ஓடிப்போய், பிறந்த ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிட்டது. "கேமராவுல வச்சுட்டாக. ஒரு வாரமா மீட்டிங்ல என் மூஞ்சி செவப்பாத் தெரியுது."

ஹென்ரிக்கின் பதில் மத்தியானம் வந்தது. ஆப் மொழிபெயர்த்த தமிழில், பாதிக்கு மேல் புரியாவிட்டாலும் சங்கதி புரிந்தது. இரண்டு வருஷமாகப் பல நாடுகளில் இருந்து 'எப்போதும் மழை' என்ற புகார் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஒரு ஊரில் பறவை எச்சம், ஒரு ஊரில் சுவருக்கு அடித்த பெயின்ட், ஒரு ஊரில் ஒட்டுப்படம். இவர்கள் கோளாறு மென்பொருளுக்குள் இருக்கிறது என்று நினைத்து அதைத் தேடிப் பிடிக்க நானூறு வரி எழுதியிருக்கிறார்கள். எழுதிய அத்தனை பேரும் பெரிய படிப்பு. கண்ணாடியைப் போய்ப் பாருங்கள் என்று ஒரு வரி எழுத மட்டும் அத்தனை பேரில் ஒருவனுக்கும் கை வரவில்லை. ரீட்டாவின் பக்கம் இருக்கும் என்றார் ஹென்ரிக். இருப்பது மட்டுமல்ல, அந்த நாலு வரியை இங்கிலீஷ் புத்தகத்திலும், அதிலிருந்து மற்ற எல்லா மொழியிலும் சேர்க்கப்போவதாகவும் எழுதியிருந்தார். எழுதியவர் ரீட்டா, ராயப்பன்பட்டி என்பது இருபத்திரண்டு மொழியில் ஏறியது. இமானுவேல் அதைக் கேள்விப்பட்டு ஜீப்பை நிறுத்திப் போனிலேயே கேட்டான்: "எம் பேரு ஒண்ணுலகூட இல்லையா?"

"கிரைண்டர்ல இருக்கு" என்றாள் ரீட்டா.

சுரேஷ்கண்ணன் அடுத்த மாதம் அதே கல்யாண மண்டபத்தில் புது முகாம் நடத்தினான்: 'தொழில்நுட்ப எழுத்தில் பண்பாட்டு நுண்ணுணர்வு.' பெரிய திரையில் பொட்டு வைத்த டப்பா படம் போட்டுக் காட்டி ஒன்றரை மணி நேரம் பேசினான். ரீட்டாவுக்கும் அழைப்பு வந்தது. கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். நம் பக்கத்தில் பதினெட்டுத் தோட்டத்துக்காரர்களில் ஒருவரும் அந்த நாலு வரியைப் படிக்கவில்லை. லைட் மாறினால் ரீட்டாவுக்கு நேராகப் போன் பண்ணிவிடுகிறார்கள்.

படித்தது வேறு ஆட்கள். ஜனவரியில் ஹென்ரிக்கிடம் இருந்து ஒரு படம் வந்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளையாகப் பனி மூடிய தோட்டம். நடுவில் டிரிப்பியோ டப்பா. மேல் மூடியில், ஸ்விட்சுக்குச் சரியாக இடது பக்கம், ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. கீழே எழுதியிருந்தது:

'அன்புள்ள ரீட்டா, இங்கே பலர் கையேட்டைப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். பொட்டு கட்டாயமா? எத்தனை மில்லிமீட்டர் விட்டம்? குங்குமம் இங்கே கிடைக்கவில்லை, நெயில் பாலிஷ் போதுமா? ஒருவர் தவறாக வலது பக்கம் வைத்துவிட்டுப் பயந்துபோயிருக்கிறார். தயவுசெய்து விளக்கவும்.'

ரீட்டா கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சிரித்து முடித்துவிட்டு, பதில் எழுதினாள்:

'கட்டாயம் இல்லை. மூடியில் எந்தப் பக்கம் வைத்தாலும், எதைக் கொண்டு வைத்தாலும் பரவாயில்லை. ஆனால் வைத்துவிட்டால் அழிக்காதீர்கள்.'

அதையும் இருபத்திரண்டு மொழியில் சேர்த்துவிட்டார்கள்.